திறந்த கணக்கில் வகுப்பு நின்றுபோனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

“ஒரு பண்ணையில் ஆடுகளும் கோழிகளும் நிற்கின்றன. மொத்தம் 14 கால்கள். ஆடுகள் எத்தனை, கோழிகள் எத்தனை இருக்கலாம்?”

இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு இந்தக் கணக்கை எத்தனையோ ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறேன். இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு. ஒரே விடைக்கும் படம் வரைந்து போகலாம், குச்சி அடுக்கிப் போகலாம், இரண்டிரண்டாகவோ நான்கு நான்காகவோ எண்ணிப் போகலாம். இத்தகைய கணக்கைத்தான் திறந்த கணக்கு என்கிறோம். ஜப்பானியக் கணிதக் கல்வியாளர்கள் 1970களிலேயே, குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று அறிவதற்காக இவ்வகைக் கணக்குகளை வகுப்பறையில் வைத்து ஆராய்ந்தார்கள்.

ஆசையோடு இதைத் தொடங்கும் ஆசிரியர்கள் பலர் இரண்டு மூன்று வகுப்புகளுக்குள் கைவிட்டுவிடுகிறார்கள். “என் பிள்ளைகளுக்கு இது வரவில்லை” என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. வகுப்பு நின்றுபோன இடத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், கேள்வியைக் கேட்ட விதத்திலோ கேட்டபின் நாம் செய்த ஏதோ ஒன்றிலோ தடை இருப்பது தெரியும். அதை எடுத்துவிட்டால் அதே பிள்ளைகள் ஓடுகிறார்கள். எங்கே பார்ப்பது, எதை எடுப்பது என்பதை அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்கள் வகுப்பில் தெரியும் அறிகுறியைத் தேடி, அங்கிருந்தே படிக்கலாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைப் பாருங்கள்

கணக்கை நீங்களே எல்லா விடைகளும் வரும்வரை போட்டுப் பார்த்தீர்களா? நம் கணக்கில் இரண்டு உயிரினங்களும் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றால் மூன்று விடைகள்: 1 ஆடு 5 கோழிகள், 2 ஆடுகள் 3 கோழிகள், 3 ஆடுகள் 1 கோழி. ஆடே இல்லாமலும் இருக்கலாம் என்றால் 7 கோழிகள் என்ற நான்காவது விடையும் சேரும். இது தெரியாமல் வகுப்புக்குள் போனால், ஒரு குழந்தை ஏழு கோழிகளை வரைந்து நீட்டும்போது நாம் தடுமாறுவோம். நம் முகத்தில் தெரியும் அந்தத் தடுமாற்றத்தை அது தன் தவறு என்று எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது, வகுப்பிலேயே மெதுவாக எண்ணும் குழந்தையால் ஒரு விடையையாவது தொட முடியுமா என்பது. முடியாது என்றால் எண் பெரிது. மூன்றாவதாக, மேசைமேல் கையால் நகர்த்த ஏதாவது இருக்க வேண்டும்: குச்சியோ, பொத்தானோ, கட்டையோ. அலமாரியில் பூட்டிவைத்த கட்டையால் பயனில்லை.

அறிகுறி: கேள்வி கேட்டாயிற்று, ஒரு கையும் அசையவில்லை

உடனே விளக்கத் தொடங்காதீர்கள். வாய்க்குள் எண்ணிக்கொண்டு காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று வகுப்பறை ஒலிப்பதிவுகளில் அளந்து பார்த்தார். சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோதே குழந்தைகளின் பதில்கள் நீண்டன, தாமாக முன்வந்து பேசியவர்கள் கூடினார்கள். சாதாரணக் கேள்விக்கே அப்படியென்றால், திறந்த கணக்குக்கு இரண்டு முழு நிமிடங்கள் தர வேண்டும் என்பது என் கணக்கு. அந்த இரண்டு நிமிடமும் யாரிடமும் போகாமல், யார் தாளையும் எட்டிப் பார்க்காமல் நிற்பது ஆசிரியருக்குக் கடினம். பழக்கிக்கொள்ள வேண்டிய கடினம் அது.

இரண்டு நிமிடத்துக்குப் பிறகும் அசைவில்லை என்றால், கதை புரிந்ததா என்று சோதியுங்கள். “எண்ணே சொல்லாமல் இந்தக் கதையை உன் தோழிக்குச் சொல்” என்று கேளுங்கள். “ஆடு இருக்கிறது, கோழி இருக்கிறது, யாரோ கால்களை மட்டும் எண்ணியிருக்கிறார்கள்” என்று ஒரு குழந்தை சொல்லிவிட்டால் போதும், பாதி வகுப்பு நிமிர்ந்துவிடும். நான் இதை ஒரு படியோடு சேர்த்துச் செய்கிறேன்: சில குழந்தைகளை ஆடாகவும் சிலரைக் கோழியாகவும் நிற்கவைத்து, முன்னால் ஒரு துணியைப் பிடித்துக் கால்களை மட்டும் காட்டுவேன். ஆடாக இருப்பவர்கள் கையையும் தரையில் ஊன்ற வேண்டும். சிரிப்பு அடங்கியபின் யாருக்கும் கதை சொல்லத் தேவையிருக்காது. ஆனால் நிற்கவைக்கும் எண்ணிக்கை கணக்கின் விடையாக அமைந்துவிடக் கூடாது. 14 கால் கணக்குக்கு முன்னால் 2 ஆடு 3 கோழி என்று நிறுத்தினால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். ஒரு முறை அப்படியே செய்து முடித்தும்விட்டேன். 1 ஆடு 2 கோழி என்று நிறுத்துங்கள்.

கதை புரிந்தும் கை நகரவில்லையென்றால் எண்ணைச் சுருக்குங்கள். 6 கால்கள் என்று மாற்றிக் கொடுங்கள். ஓர் ஆடும் ஒரு கோழியும் வந்துவிடும். பிறகு அவர்களாகவே 14-க்குத் திரும்புவார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். “முதலில் ஓர் ஆடு வரைந்துகொள்ளுங்கள், அதற்கு நான்கு கால், மீதி எவ்வளவு?” என்று முதல் அடியை எடுத்துக்கொடுக்காதீர்கள். உதவி செய்த நிறைவு நமக்குக் கிடைக்கும். எங்கிருந்து தொடங்குவது என்று தேடும் வேலை குழந்தையின் கையிலிருந்து போய்விடும். திறந்த கணக்கில் பெரிய வேலையே அதுதான்.

அறிகுறி: “டீச்சர், கூட்ட வேண்டுமா, கழிக்க வேண்டுமா?”

இந்தக் கேள்வியைக் கேட்கும் குழந்தை கதைக்குள் நுழையவே இல்லை. எண்களைப் பிடுங்கி எடுத்து ஒரு குறியை நடுவில் வைக்கப் பார்க்கிறது. 14-ஐத் தவிர வேறு எண் கண்ணில் படாததால் நம் கணக்கில் அது திகைத்து நிற்கிறது. வேறு கணக்கானால் திகைப்புக்கூட வெளியே தெரியாது.

1980-ஐ ஒட்டி, பிரான்சில் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டார்கள்: “ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?” 97 பேரில் 76 பேர் அந்த எண்களைக் கொண்டே ஏதோ ஒரு வயதைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அறிவு குறைவில்லை. கணக்கு வகுப்பில் கேட்கப்படும் எல்லாவற்றுக்கும் விடை உண்டு, கொடுத்த எண்கள் எல்லாவற்றையும் பயன்படுத்தியாக வேண்டும் என்று அவர்கள் வகுப்பறையிலிருந்தே கற்றிருந்தார்கள்.

அதைக் கற்றுக்கொடுப்பதில் நமக்கும் பங்குண்டு. “மீதம் என்று வந்தால் கழி, மொத்தம் என்று வந்தால் கூட்டு” என்று பல ஆண்டுகள் நானும் சொல்லிக்கொடுத்தேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். “அவன் 3 பொத்தான்களைத் தம்பிக்குக் கொடுத்தான். மீதம் 5 இருக்கின்றன. முதலில் எத்தனை வைத்திருந்தான்?” இதில் மீதம் என்ற சொல் இருக்கிறது, செய்ய வேண்டியதோ கூட்டல். சொல்லைப் பார்த்துக் குறி போடும் குழந்தை இங்கே 2 என்று எழுதும். தான் 3 கொடுத்தபின் 5 வைத்திருப்பவனிடம் முதலில் 2 மட்டும் எப்படி இருந்திருக்கும் என்று அதற்குத் தோன்றாது.

சரிசெய்ய ஒரு வாரமாவது ஆகும். கணக்கைக் கேள்வி இல்லாமல் கொடுங்கள்: “ஒரு பண்ணையில் ஆடுகளும் கோழிகளும் நிற்கின்றன. மொத்தம் 14 கால்கள்.” அவ்வளவுதான். இதிலிருந்து என்னென்ன கேட்கலாம் என்று குழந்தைகளே சொல்லட்டும். “எத்தனை தலைகள்?” என்று ஒரு முறை ஒரு சிறுவன் கேட்டான். அது நான் வைத்திருந்த கேள்வியைவிட நல்ல கேள்வி, ஏனென்றால் அதற்கு 6, 5, 4 என்று விடைக்கு விடை மாறும். அத்துடன், முதல் பத்து நிமிடங்களுக்குக் கூட்டல், கழித்தல் குறிகளை எழுதக் கூடாது என்று விதி வையுங்கள். படம், குச்சி, பேச்சு மட்டும். குறி பிறகு வரும். அப்போது அது குழந்தை செய்து முடித்ததை எழுதிவைக்கும் குறியாக வரும்.

இடையிடையே விடையே இல்லாத கணக்கையும் கொடுங்கள். “இதைச் சொல்ல முடியாது டீச்சர்” என்று ஒரு குழந்தை துணிந்து சொல்லும் நாளில் இந்த அறிகுறி வகுப்பைவிட்டுப் போகத் தொடங்கியிருக்கும்.

அறிகுறி: ஒரு விடை கண்டதும் “முடித்துவிட்டேன்” என்று பென்சிலை வைத்துவிடுகிறார்கள்

அதிகம் வருவது இதுதான். முதலில் உங்கள் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். “எத்தனை ஆடுகள்?” என்று கேட்டீர்களா, “எத்தனை ஆடுகள் இருக்கலாம்?” என்று கேட்டீர்களா? அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் குழந்தை நிறுத்தியது நியாயம்தான்.

சொல் இருந்தும் நிறுத்தினால், “வேறு விடை இருக்கிறதா?” என்று கேட்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். நான் அதை விட்டுவிட்டேன். “வேறு இருக்கிறதா?” என்று கேட்டதும் பல குழந்தைகள் எழுதியதை அழித்துவிட்டார்கள். விடை தவறு என்பதால்தான் டீச்சர் மறுபடி கேட்கிறார் என்பது அவர்களுடைய அனுபவம். அதனால் முதலில், “இது சரியான விடை. இதை இங்கேயே வைத்துக்கொள்” என்று வெளிப்படையாகச் சொல்லி, தாளில் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொல்கிறேன். பிறகு கேட்கிறேன்: “இந்தப் பண்ணையிலிருந்து ஓர் ஆட்டை ஓட்டிவிட்டால் என்ன ஆகும்?”

நான்கு கால்கள் குறையும். திரும்ப 14 ஆக என்ன செய்யலாம்? குழந்தை இரண்டு கோழிகளைக் கொண்டுவரும். அந்த நொடியில் பல முகங்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஓர் ஆட்டுக்கு இரண்டு கோழி என்ற பண்டமாற்று பிடிபட்டுவிட்டால் அடுத்த விடையை யாரும் தேட வேண்டியதில்லை. இருக்கும் விடையே அடுத்ததைப் பெற்றெடுக்கும். பெருக்கலுக்கும் பின்னாளில் வரும் இயற்கணிதத்துக்கும் வேண்டிய விதை இந்த மாற்றிலேயே இருக்கிறது. பெயர் சொல்லி அதைக் குழந்தைக்கு விளக்க வேண்டியதில்லை. கை செய்துவிட்டது.

மொத்தம் எத்தனை விடைகள் என்பதை முன்கூட்டியே சொல்லலாமா? தொடக்கத்தில் சொல்லாதீர்கள். “மூன்று இருக்கிறது” என்றால் மூன்றாவதோடு தேடல் நின்றுவிடும். மிகவும் பயந்த வகுப்பானால் மட்டும் “ஒன்றுக்கு மேல் உண்டு” என்று சொல்லலாம்.

அறிகுறி: விடைகள் கொட்டுகின்றன, ஆனால் ஒழுங்கே இல்லை, எழுதியதையே திரும்ப எழுதுகிறார்கள்

மேலே சொன்னதற்கு நேர் எதிரான நிலை இது. பத்துக் கட்டைகளை இரண்டு பெட்டிகளில் எத்தனை விதமாகப் போடலாம் என்று கேட்டால், 5-5, 3-7, 9-1, 7-3, 3-7 என்று தாள் நிரம்பிவிடும். தாளில் எழுதியதை நகர்த்த முடியாது என்பதுதான் இங்கே தடை. ஒரு விடைக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். தரையில் பரப்பி, “ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர், பிறகு உனக்குப் பிடித்த வரிசையில் அடுக்கு” என்று சொல்லுங்கள். 0-10, 1-9, 2-8 என்று அடுக்கிக்கொண்டே போகும்போது, நடுவில் விட்டுப்போன 4-6 தானாகக் கண்ணில் படும். 11 சீட்டுகள் வரும்.

அடுக்கும் வரிசை உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. சிவப்பு, மஞ்சள் கட்டைகளால் மூன்றடுக்குக் கோபுரங்கள் எத்தனை கட்டலாம் என்று கேட்டபோது, ஒரு சிறுமி ஒவ்வொரு கோபுரத்துக்கும் அதன் “எதிரியை” பக்கத்தில் நிறுத்திக்கொண்டே போனாள். சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சள், மஞ்சள் இருந்த இடத்தில் சிவப்பு. நான் எதிர்பார்த்திருந்தது வேறு வரிசை. அவளுடைய முறையில் எட்டுக் கோபுரங்களும் நான்கு இணைகளாக வந்து நின்றன. இணையில்லாத கோபுரம் ஒன்று தென்பட்டால் ஏதோ விட்டுப்போயிற்று என்று அவளுக்கே தெரிந்துவிடும். ஓர் இணையே முழுதாக விட்டுப்போயிருந்தால் இந்த முறை அதைக் காட்டிக்கொடுக்காது. அதையும் இன்னொரு குழந்தைதான் கண்டு சொன்னது, இரண்டு நாள் கழித்து.

ஆறு வயதில், “எல்லாம் வந்துவிட்டது என்று உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டால், “இதற்கு மேல் எனக்குத் தோன்றவில்லை” என்பார்கள். அதை ஏற்றுக்கொள்ளுங்கள். வரிசையைக் காட்டிக் காரணம் சொல்வது மெல்ல வரும்.

அறிகுறி: “இரண்டும் ஒன்றுதான்”, “இல்லை, வேறு வேறு” என்று சண்டை

இது பழுதே இல்லை. இங்கே நுழைந்து தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

நான்கு சதுரங்களை விளிம்போடு விளிம்பு பொருத்தி எத்தனை வடிவங்கள் செய்யலாம் என்று கேட்டுப் பாருங்கள். சுழற்றி வைத்தாலும் கவிழ்த்து வைத்தாலும் ஒன்றே என்று கொண்டால் 5 வடிவங்கள். சுழற்றலாம், ஆனால் கவிழ்க்கக் கூடாது என்றால் 7. சுழற்றி வைத்ததும் வேறு வடிவம்தான் என்றால் 19. மூன்று எண்களும் அந்தந்த விதிக்குச் சரி. சண்டை போடும் இரண்டு குழந்தைகளும் இரண்டு விதிகளைக் கையில் வைத்திருக்கிறார்கள், ஆனால் அது அவர்களுக்குத் தெரியாது. தாளில் வெட்டிய வடிவங்களைக் கொடுத்து, “ஒன்று என்று நீ சொல்வதைச் செய்துகாட்டு” என்று கேளுங்கள். ஒருவன் கவிழ்த்துக் காட்டுவான். மற்றவன், “கவிழ்க்கக் கூடாது!” என்பான். அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். இன்று வகுப்பு எந்த விதியில் விளையாடப் போகிறது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

விதியை நாம்தான் வகுக்கிறோம், வகுத்தபின் விடை நம் விருப்பத்துக்கு வளையாது என்பதை ஏழு வயதில் ஒரு குழந்தை தொட்டு உணர்வது பெரிய காரியம். அதற்காக ஒரு முழுப் பாடவேளை போனாலும் போகட்டும்.

அறிகுறி: கணக்கைவிட்டு ஆட்டுக்குக் கொம்பு வரைந்துகொண்டிருக்கிறார்கள்

கொஞ்ச நேரம் விடுங்கள். பிறகு, “பண்ணைக்காரருக்கு அவசரம், கால்களை மட்டும் வரைந்து கொடு” என்று சொல்லுங்கள். ஆடு ஒரு வட்டமும் நான்கு கோடுகளுமாகச் சுருங்கும். அடுத்த முறை வட்டத்துக்குள் 4 என்ற எண்ணாகச் சுருங்கும். படத்திலிருந்து குறிக்கு நகரும் இந்தப் பாதையில் குழந்தை தன் வேகத்தில்தான் நடக்கும். பொருளை வைத்து அப்படியே நடித்துப் பார்ப்பது, பிறகு எண்ணுவது, பிறகு ஏற்கெனவே மனத்தில் இருக்கும் கூட்டல், கழித்தல் விடைகளைப் பயன்படுத்துவது என்று சிறு குழந்தைகளின் வழிகள் வளர்வதை விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களிலிருந்து விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். முதல் படியை வெட்டிவிட்டால் மூன்றாம் படி சீக்கிரம் வந்துவிடாது.

அறிகுறி: யோசனை சரி, எழுதியது தவறு

இரண்டு வகை உண்டு. 4 + 4 + 2 + 2 + 2 = 13 என்று எண்ணிக்கையில் சறுக்குவது ஒன்று. அதற்குத் திறந்த கணக்கு நேரத்தில் மருந்து தேட வேண்டாம். “பண்ணையைக் கால் கால் ஆகத் தொட்டு எண்ணிப் பார்” என்பதோடு விட்டுவிட்டு, கூட்டல் பயிற்சியை வேறு நேரத்தில் வையுங்கள்.

இரண்டாவது வகைக்குத்தான் கவனம் வேண்டும்: 4 + 4 = 8 + 2 = 10 + 2 = 12 + 2 = 14. விடை சரியாக வந்துவிட்டதால் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் இப்படி எழுதும் குழந்தைக்குச் சமக்குறி என்றால் “இப்போது விடையை எழுது” என்பதுதான் பொருள். 4 + 4-உம் 8 + 2-உம் சமம் என்று தான் எழுதியிருப்பதை அது உணரவில்லை. 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 8 + 4 = □ + 5 என்று கொடுத்தபோது, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை எந்த வகுப்பிலும் பத்தில் ஒரு பங்கினர்கூட 7 என்று எழுதவில்லை. 12 என்றும் 17 என்றும்தான் பெரும்பாலோர் எழுதினார்கள். ஆறாம் வகுப்பு வரை அப்படியே போகிறது என்பதைக் கவனியுங்கள். தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது.

கணக்கையே திருப்பி எழுதவையுங்கள்: 14 = 4 + 4 + 2 + 2 + 2. விடை இடப்பக்கம் வந்ததும் சிலர், “தலைகீழாக இருக்கிறது” என்பார்கள். அங்கே பேசத் தொடங்கலாம். 7 = 7, 3 + 4 = 4 + 3, 5 = 2 + 3 ஆகியவை உண்மையா பொய்யா என்று தினமும் இரண்டு நிமிடம் கேளுங்கள். பிறகு 4 + 4 + 2 + 2 + 2 = 4 + 2 + 2 + 2 + 2 + 2 என்று இரண்டு பண்ணைகளை எதிரெதிரே நிறுத்துங்கள். திறந்த கணக்கு போல இதற்கு வாய்ப்பான இடம் வேறில்லை. பல விடைகள் இருப்பதால் அவை ஒன்றுக்கொன்று சமம் என்று எழுதும் தேவை இயல்பாகவே வருகிறது.

அறிகுறி: பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுகிறார்கள்

தடுக்காதீர்கள். “பார்க்கலாம், பார்த்ததோடு உன்னுடையது ஒன்றைச் சேர்க்க வேண்டும்” என்பது என் வகுப்பின் விதி. சேர்க்க முடியவில்லை என்றால் அடுத்த மேசைக்கு 16 கால்களைக் கொடுங்கள். வழியைப் பார்த்துக்கொள்ளலாம், விடையை எடுக்க முடியாது.

அறிகுறி: ஒரு குழந்தை ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு மற்றவர்களைத் தொந்தரவு செய்கிறது

பெரிய எண்ணைக் கொடுத்து உட்காரவைப்பது எளிது, ஆனால் வீண். 140 கால்கள் என்றால் அதே வேலை நீளும், அவ்வளவுதான். கணக்கைத் திருப்பிக் கேளுங்கள். “15 கால்கள் இருக்க முடியுமா? ஏன் முடியாது?” இது ஒன்று. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: “ஒரே ஒரு விடை மட்டும் வரும்படி எத்தனை கால்கள் வைக்கலாம்?” இரண்டு உயிரினமும் ஒன்றாவது இருக்க வேண்டும் என்ற விதியில் 6 கால்களுக்கும் 8 கால்களுக்கும் ஒரே விடை. 10-க்கும் 12-க்கும் இரண்டிரண்டு. 14-க்கும் 16-க்கும் மும்மூன்று. 18-க்கும் 20-க்கும் நான்கு நான்கு. இப்படி இரட்டைப்படிகளாக ஏறுவதைத் தானே கண்டுபிடித்த குழந்தை அன்று முழுதும் யாரையும் தொந்தரவு செய்யாது. ஏன் அப்படி ஏறுகிறது என்ற கேள்வியை வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும்.

அறிகுறி: எல்லோரும் நன்றாகச் செய்தார்கள், பகிரும் நேரத்தில் வகுப்பு தூங்கிவிட்டது

முப்பது பேரும் வரிசையாக வந்து “நான் இப்படிச் செய்தேன்” என்று சொன்னால் யாராயிருந்தாலும் தூக்கம்தான் வரும். குழந்தைகள் வேலை செய்யும்போதே சுற்றிவந்து, மூன்று தாள்களை மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வரிசை முக்கியம். படம் வரைந்த குழந்தை முதலில், எண்ணி எழுதியது அடுத்து, ஓர் ஆட்டுக்கு இரண்டு கோழி என்ற பண்டமாற்றைக் கண்டது கடைசியில். மிகத் திறமையான வழியை முதலில் கூப்பிட்டால் மற்றவர்கள் தங்கள் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

வழியைக் கண்ட குழந்தையே விளக்க வேண்டும் என்பதும் இல்லை. தாளை மட்டும் காட்டி, “இவள் என்ன செய்திருக்கிறாள் என்று யாரால் சொல்ல முடியும்?” என்று கேட்டால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். ஜப்பானிய ஆசிரியர்கள் பாடம் முழுவதும் கரும்பலகையை அழிப்பதில்லை. கேள்வி, வழிகள், தவறுகள், முடிவு எல்லாம் ஒரே பலகையில் இடமிருந்து வலமாக நிற்கும். அதைப் பின்பற்றத் தொடங்கிய பிறகுதான், “மேலே அவன் வரைந்த படமும் கீழே இந்த எண்ணும் ஒன்றுதான்” என்று என் வகுப்பில் ஒரு குழந்தை எழுந்து சொன்னது. அழித்திருந்தால் அந்தத் தொடர்பைப் பார்க்க வழியே இல்லை.

பாராட்டும்போது “கெட்டிக்காரி” என்று முடித்துவிடாதீர்கள். புத்திசாலித்தனத்துக்காகப் பாராட்டப்பட்ட குழந்தைகள் அடுத்து எளிய வேலையை நாடினார்கள், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கடினமானதை எடுத்துக்கொண்டார்கள் என்று 1998-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. செய்ததைச் சொல்லுங்கள்: “நீ ஓர் ஆட்டை அனுப்பிவிட்டு இரண்டு கோழிகளைக் கொண்டுவந்தாய்.” அதைக் கேட்கும் மற்ற குழந்தைக்கும் அது ஒரு வழியாகப் பயன்படும்.

அறிகுறி: அழிப்பான் தேய்கிறது, தாள் கிழிகிறது, கண்ணீர் வருகிறது

வேறு எதையும் பார்க்குமுன் அழிப்பானை எடுத்து வைத்துவிடுங்கள். பென்சிலுக்குப் பதில் பேனாவோ வண்ணக் குச்சியோ கொடுங்கள். மாற்ற வேண்டுமென்றால் ஒரே கோடு. அடித்ததும் தெரிய வேண்டும். தாளில் துளை விழும்வரை தேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனின் பக்கத்தில் அமர்ந்து, “அழித்ததை எனக்கு மறுபடி வரைந்து காட்டுவாயா? அதில் எனக்கு ஒன்று தெரிந்தது” என்று கேட்டேன். வரைந்தான். 3 ஆடுகள், 2 கோழிகள். 16 கால்கள். “இது 16-க்குச் சரியான விடை. 14-க்கு இதிலிருந்து எதை அனுப்பலாம்?” ஒரு கோழியின் மேல் கோடு போட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். தவறான விடை என்று அவன் தேய்த்துக்கொண்டிருந்தது வேறொரு கேள்வியின் சரியான விடை. திறந்த கணக்கில் பெரும்பாலான தவறுகள் இப்படித்தான் இருக்கின்றன. அழிந்துபோகும் முன் அவற்றைப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: மேலே உள்ள எதுவும் இல்லை, ஆனாலும் கணக்கு நிற்கிறது

அப்போது கணக்கிலேயே பழுது இருக்கலாம். ஒருநாள் ஒரு சிறுவன் ஒரே விடையோடு உட்கார்ந்திருந்தான்: 2 ஆடுகள், 3 கோழிகள். ஆட்டை அனுப்பச் சொன்னேன், மறுத்தான். பிடிவாதம் என்று நினைத்தேன். ஏன் என்று கேட்டபோது, “ஆடுகளும் கோழிகளும் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? ஒன்று இருந்தால் ஆடுதான், ஆடுகள் ஆகாது” என்றான்.

அவன் சொன்னது சரி. எத்தனையோ ஆண்டுகளாக நான் கொடுத்துவந்த கணக்குக்கு, எழுதியிருந்தபடி படித்தால், ஒரே ஒரு விடைதான். மறுநாள் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, “இதை நீங்கள் திருத்துங்கள்” என்று வகுப்பிடமே விட்டேன். மூன்று கேள்விகள் கிடைத்தன. பழையபடி “ஆடுகளும் கோழிகளும்” என்றால் 1 விடை. “குறைந்தது ஓர் ஆடாவது, ஒரு கோழியாவது” என்றால் 3. “ஆடு மட்டுமோ, கோழி மட்டுமோ, இரண்டுமோ இருக்கலாம்” என்றால் 4. ஒவ்வொன்றின் பக்கத்திலும் விடைகளின் எண்ணிக்கையை அந்தச் சிறுவனே எழுதினான். இப்போது புதிய வகுப்புக்கு நான் எடுத்துச் செல்வது மூன்றாவது கேள்வியைத்தான். மற்ற இரண்டையும் அவர்கள் கண்டுபிடிக்கக் காத்திருக்கிறேன்.